டன்னும் சதுர அடியும்

ஒத்தக்கடை தாண்டி எங்கள் பாலிஷ் ஆலை.
ஜன்னல் முழுக்க யானைமலை படுத்திருக்கும்,
நான் கணக்கில் இருப்பேன்.

நேற்று தூத்துக்குடியிலிருந்து ட்ரெய்லர் வந்தது.
மூன்று பாறை. கறுப்பு.
பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்டில் எண்,
கீழே முட்டோகோ, ஜிம்பாப்வே.
இடுக்கில் ஒட்டியிருந்த செம்மண்ணை
ஜபருல்லா ஹோஸ் பிடித்துக் கழுவினான்.
வாய்க்காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

டன்னில் வாங்குகிறோம்.
சதுர அடியில் விற்கிறோம்.
நடுவில் இருக்கிறது
முதலாளியின் கே.கே.நகர் வீடு,
என் பதினாலாயிரம்,
ஜபருல்லாவின் இருமல்.

மேலூர்ப் பக்கம் குவாரிக்கு சீல் வைத்த வருஷம்
முதலாளி விமானம் ஏறினார்.
திரும்பி வந்து ஃபோட்டோ காட்டினார்:
ஒரு குன்று, அதன்மேல் நம் கம்பெனி பேனர்,
கீழே பத்துப் பேர், ஹெல்மெட் நாலு.
"இருபத்தஞ்சு வருஷக் குத்தகை. நம்ம முதலீடு"
என்று எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்.
முதல் அந்தக் குன்றுதானே என்று நினைத்தேன்.
ஈடு என்னவென்று
எந்த வவுச்சரிலும் இல்லை.

எங்கள் ஊர்ப் பாறையில் கோடு போட
இத்தாலிக்காரர் ஒருவர் வந்தபோது
பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகப் போய்
கை தட்டினோம்.
கோடு போட்ட இடத்தில் இப்போது
எண்பதடித் தண்ணீர், யாரும் குடிப்பதில்லை.

இன்று காலை ஒரு மெயில்.
அங்கே குவாரியில் கணக்கு எழுதும் ருதேந்தோ.
மாதாமாதம் டன் மட்டுமே அனுப்புகிறவள்
கேள்வி அனுப்பியிருக்கிறாள்:
நாங்கள் பதினோரு பெண்கள் பணம் சேர்க்கிறோம்,
பழைய பாலிஷ் மெஷின் என்ன விலை வரும்?
மோட்டார் எத்தனை ஹெச்.பி.?

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பதில் போடாதம்மா.
கல்லு அங்கேயே பளபளன்னு ஆயிட்டா
நாம எதுக்கு?"

நாம எதுக்கு.
மாட்டுத்தாவணி வரை பஸ்ஸில் கூடவே வந்தது.
பொய் இல்லை. என் பதினாலாயிரமும்
அந்த வாக்கியத்துக்குள்தான் குடியிருக்கிறது.

டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
செல்லில் அடித்தேன்:
ஒற்றைத் தலை மெஷின், செகண்ட் ஹேண்ட்,
ஆறு லட்சம் சொல்வார்கள், நாலரைக்குப் பேசு.
பிளேடு இங்கே வாங்காதே,
நாங்களே சீனாவில்தான் வாங்குகிறோம்.
தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்.
காய்ந்த அறுப்பு நெஞ்சுக்கு ஆகாது.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது,
சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்பதை
எழுதவில்லை.

அடுத்த பஸ் வர இன்னும் நேரமிருந்தது.