பதின்மூன்றுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் நடுவே

ஓடம்போக்கிக்குத் தெற்கே
பாசன வாய்க்காலும் கப்பிச் சாலையும்
முட்டிக்கொள்கிற முக்கில் ஒரு கல்,
தலையில் அம்புக்குறி.
அங்கிருந்து சாலையோரம் முப்பத்தோரு மீட்டர்.
வாய்க்காலோரம் பதினெட்டு.
மூன்றாவது பக்கம் வடிகால்.
புலப்படத்தில் அந்த மூலையைக் கரையான் தின்றிருக்கிறது.
கோடு இருக்கிறது,
எண் இல்லை.

வடிகாலில் இடுப்பளவு தண்ணீர்,
அதன் மேல் ஆகாயத்தாமரை,
அதன் மேல் ஒரு நீர்க்கோழி
தன் பாட்டுக்கு நடக்கிறது.
கரைக்கல் உள்ளே எங்கேயோ.
கார்த்திகையில் அளக்க வந்தது என் பிழையல்ல,
தாலுகா ஆபீஸ் பிழை.

ராயப்பன் சொல்கிறார்: ஐம்பத்தஞ்சு மீட்டர்.
மரியசெல்வம் சொல்கிறார்: பத்து.
அதுக்கு மேல ஒரு சாண் கிடையாது.
உடன்பிறந்தவர்கள்.
இரண்டு பேரும் என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.
பதினோரு வருடமாக அவர்களுக்குள் பேச்சு
நாகப்பட்டினம் கோர்ட்டு வழியாக.
கரையை அகலப்படுத்த எடுக்கிற நிலத்துக்கு
மீட்டர் கணக்கில் பணம்.
அண்ணன் பக்கம் நீண்டால்
அடுத்திருக்கும் தங்கை பக்கம் குறையும்.
வழக்கு அவ்வளவுதான்.

நடவுக் கயிறு இருக்கா என்றேன்.
இருந்தது. அளந்து இரண்டாக வெட்டி
முக்குக் கல்லில் முடிந்தேன்.
நீளக் கயிற்றின் நுனி ராயப்பன் கையில்:
சாலைக் கல் பக்கத்தில் அசையாம நில்லுங்க.
குட்டைக் கயிறு மரியசெல்வத்திடம்:
தொய்ய விடாம நடங்க.

நடந்தார்.
சம்பாப் பயிரை மிதிக்காமல்,
முந்தானையை இடுப்பில் செருகி,
சேற்றில் ஒரு வில்லை நடந்தார்.
மதகுப் பலகை ஏறி அக்கரையில் இறங்கி,
இரண்டு கயிறும் ஒரே நேர்கோடாகும் வரை விலகினார்.
நாற்பத்தொன்பது.
இதுக்கு மேல விலக முடியாது என்றேன்.
அப்படியே திரும்பி வந்தார்.
குட்டைக் கயிறு நீளக் கயிற்றின் மேல் படுத்தது.
பதின்மூன்று.
இதுக்கு மேல நெருங்கவும் முடியாது.

சொல்ல விட்டுப்போனது ஒன்று:
அந்த இரண்டு இடத்திலும் நிலமே கிடையாது.
பதின்மூன்றில் கயிறு மேல் கயிறு,
நாற்பத்தொன்பதில் ஒற்றை வரப்பு.
நண்டு வளை தோண்டலாம்.
ஒரு நாற்று ஊன்ற முடியாது.

ராயப்பன் மனசுக்குள் கழித்துக்கொண்டிருந்தார்,
உதடு அசைந்தது.
"அப்ப மீதி ஆறு மீட்டர் எங்கம்மா போச்சு?"
எங்கயும் போகலைங்க.
இருந்தாத்தானே போகும்.

இல்லாத அந்த ஆறு மீட்டருக்கு
இரண்டு கறவை மாடு போயிருக்கிறது,
ஒரு மோட்டார் செட்டு போயிருக்கிறது.
மரியசெல்வத்தின் இல்லாத மூன்று மீட்டருக்கு
ஒரு கல்லு வச்ச ஆரம்,
மகளுக்குக் காலேஜில் ஒரு வருடம்.
இதை நான் கேட்கவில்லை.
கூட வந்த தலையாரி
வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

சரியான கணக்கு எவ்வளவு என்றார்கள்,
முதல்முறையாக ஒரே கேள்வி.
தெரியாது.
நடுவில் முப்பத்தாறு மீட்டர் இடம் கிடக்கிறது,
அதில் எங்கேயும் இருக்கலாம்.
தை பிறந்தால் வடியும்.
கல் தெரிந்தால் வந்து சொல்கிறேன்.

தூறல் விழுந்தது.
மரியசெல்வம் கல்லில் முடிச்சை அவிழ்த்து
நீளக் கயிற்றையும் சேர்த்து
முழங்கையில் சுருட்டிக்கொண்டே போனார்,
மறு நுனி வரைக்கும்.
அண்ணன் காலைப் பார்த்தார்.
"அட்டை" என்றார்.

அவர் குனிந்து பிய்த்து எறிந்தார்.
ரத்தம் நிற்கவில்லை.
இவர் வரப்போரத்தில் எதையோ கிள்ளிக் கசக்கினார்.
கயிறு கட்டியிராதபோது
பதின்மூன்று ஒரு பொருட்டே இல்லை.

புத்தகத்தில் மூன்றாவது பக்கத்துக்கு நேராகப்
பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
நாலு மணிக்குக் கீழ்வேளூர் பஸ்.