இடப்பக்கம் இழுக்கும்

துண்டில் இருப்பது என் கையெழுத்துதான்:
டினேஷ்காந்த். கன்சோல் ஒன்று, கண்ட்ரோலர் ஒன்று.
கோளாறு: இடப்பக்கம் இழுக்கும்.
திங்கட்கிழமை வருவதாகச் சொன்னான்.
எந்தத் திங்கள் என்று நான் கேட்கவில்லை.

வைகாசி மழை பிடித்தபின் ஓரிரவு
கடைக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு,
வயிறு திறந்து கிடந்த போன்களுக்கு நடுவே
அதற்குக் கரண்ட் கொடுத்தேன்.
திருத்துமுன் ஓட்டிப் பார்ப்பது தொழில் முறை.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு,
ஏப்ரல், கொழும்புத் துறைமுகம்.
பாரந்தூக்கியின் கம்பிகளைக்கூட எண்ணலாம்,
அவ்வளவு நுணுக்கம்.
நான் ஒரு ஹரிகேனுக்குள்.
கண்ணாடியில் எண்ணெய்த் துளி,
முள் நடுங்கும் வட்டங்கள்,
மேகத்தின் ஓரத்தில் ஜப்பான் விமானங்கள்
முறத்தில் சிதறிய கடுகுபோல.

கடலோரமாய்த் தெற்கே பறக்கச் சொன்னார்கள்.
பறந்தேன்.
கட்டைவிரலை எடுத்தாலும்
இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம்,
தொழுவம் தெரிந்த மாடுபோல
மூக்கைத் திருப்பியது விமானம்.
தெற்கே போகிறவனுக்கு இடப்பக்கம் கிழக்கு.
கிழக்கே நாங்கள்.

'போர்க்களத்தை விட்டு விலகுகிறீர். திரும்புக.'
பத்து. ஒன்பது.
அவிசாவளைக்கு அப்பால்
வரைந்தவனுக்குக் கை வலித்திருக்கிறது:
ஒரே மரத்தை ஆயிரம் தரம் ஒட்டியிருக்கிறான்.
ஆறு. ஐந்து.
கசக்கிப் போட்ட பச்சைத் துணியாய் மலைகள்.
இரண்டு. ஒன்று.
திரை கறுத்தது. வெள்ளை எழுத்து:
பணியிலிருந்து ஓடிப்போனவன்.

தோட்டத்துப் பழைய செக்றோலுக்கும்
தெரிந்த சொல்தான்.

மறுநாள் இரவு உயரே ஏறிப் பார்த்தேன்.
இருபதாயிரம் அடி, எஞ்சின் இருமும் உயரம்.
எல்லைக்கோடு வரை சாதுவாய் வந்து
கோட்டில் மூக்கைக் கவிழ்த்தால்
அதே பத்து விநாடிக்குள்
இன்னும் இரண்டு மலை கிடைக்கும்.
சுடுவதற்கு நான் பழகவே இல்லை.
என்னைச் சுட்டவர்களையும் கணக்கில் எடுக்கவில்லை.
வால் எரிய எரிய ஒருமுறை
சிவனொளிபாதமலையை வலப்பக்கம் கண்டேன்.
அதை மட்டும் யாரோ ஞாபகமாய்க் கூராக்கியிருந்தார்கள்.
படி இல்லை. விளக்கு இல்லை.

ஹட்டனில் மழை என்றால் கரண்டும் போகும்.
ஏழெட்டுப் பறப்புகள் அப்படி
வானத்திலேயே நின்றுபோயின.
அவற்றை ஓடிப்போனதாக யாரும் பதியவில்லை.

நாற்பத்தோராவது தரம் வந்து சேர்ந்தேன்.
மலைக்கு இடப்பக்கம், கொஞ்சம் உள்ளே,
எங்கள் மேற்கணக்கு இருக்கவேண்டிய இடம்.
மூன்று விநாடி மிச்சம்.
லயம் இல்லை. கொழுந்து மடுவம் இல்லை.
தேயிலையே இல்லை, ஒரு தூர்கூட.
அந்த ஏப்ரலிலும் விடியுமுன்
பெரட்டுத் தப்பு அடித்திருப்பார்கள்.
இரைச்சல் கேட்டு அண்ணாந்திருப்பாள்
கூடையோடு ஒருத்தி.
மேலிருந்தும் யாராவது பார்த்திருக்கலாம்.
இரண்டு.
இறக்கையை ஆட்டிக் காட்டினேன்
ஒட்டிய மரங்களுக்கு.
ஒன்று.

புரட்டாதியில் குடை சொட்டச் சொட்ட
ஒரு பெண் துண்டை நீட்டினாள்.
நிரோசினி, அவனுக்கு அக்கா.
தம்பி கட்டாரிலாம், மார்கழிக்கு வருகிறானாம்.
'ஓடுதா?'
'ஓடுது. நாளைக்கு வாங்க.'

அன்றிரவே குமிழை மாற்றினேன்.
பழையதைப் பிரித்தால் உள்ளே
தேய்ந்த கறுப்புப் பொடி, ஒரு சிட்டிகை.
லாச்சியில் போட்டேன்.
புதியது, கையை விட்டாலும் நேரே நின்றது.
கடலோரமாய்த் தெற்கே, சொன்னபடி,
காலி தெரியும்வரை போனேன்.
ஒன்றும் நடக்கவில்லை.

பில்: குமிழ் மாற்றியது, ஆயிரத்து எண்ணூறு ரூபா.
நூறு நூறாய் எண்ணி வைத்தாள்.
அவன் பெயரில் பறந்ததை நான் சொல்லவில்லை.
மார்கழிக் குளிரில் போர்வைக்குள் இருந்து
அவன் போட்டுப் பார்ப்பான்:

லெப்டினன்ட் டினேஷ்காந்த்.
வீழ்த்தியவை பூச்சியம்.
ஓடிப்போனது நாற்பத்தொரு தரம்.