துப்புக்கூலி

களக்காட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
வாடகை வீடு, மாடியில் ஓர் அறை.
வாழைத்தார் மண்டியின் கணக்கு முழுக்க
அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது:
ரசகதலி எத்தனை, ஏத்தன் எத்தனை,
முன்பணம் வாங்கிக்கொண்டு
தார் அனுப்பாதவர் யார் யார்.

முதல் காவலை
வண்ணார்பேட்டைக் கடையிலேயே
விலையோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள்.
இரண்டாவதைக் கொழுந்தன் மாசானம்
தீபாவளிக்கு வந்தபோது ஏற்றிவிட்டுப் போனான்.
"ஒண்ணு பத்தாது மயினி,
காலம் கெட்டுக் கெடக்கு."
மூன்றாவது தானாக வந்தது.
தமிழ் எழுத்துரு இறக்கும்போது
சின்னக் கட்டத்தில் முன்பே டிக் இருந்ததைப் பார்க்காமல்
அடுத்து, அடுத்து என்று தட்டியிருக்கிறேன்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் மூன்று கேடயம்.
பெரிய பச்சை, நீலம், சின்னப் பச்சை.
பார்க்கப் பார்க்க நிம்மதி.
பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்
அரிசி களைந்து உலையில் போட்டு
வடித்துவிட்டு வந்தால்
அப்போதுதான் திரை வெளுக்கும்.
மண்டியிலிருந்து போன்:
"யக்கா, பில்லு?"
"ஸ்கேன் ஓடுது தம்பி."
"நேத்தும் அதான் சொன்னிய."

ஒரு புதன்கிழமை
நீலம் பெரிய பச்சையைத் திருடன் என்றது.
பெரிய பச்சை நீலத்தைப் பிடித்துத்
தனியறையில் அடைத்தது.
சின்னப் பச்சை இருவரைப் பற்றியும்
என்னிடம் வந்து கோள் சொன்னது,
பாதி மட்டும்.
மீதிக்குப் பணம் கட்ட வேண்டுமாம்.
இந்த அடிதடியில்
ஆறு மாதக் கொள்முதல் கோப்பைக் காணோம்.

இந்தச் சீமையில் ஒரு காலத்தில்
துப்புக்கூலி என்று இருந்ததாம்.
மாடு காணாமல் போனால்
துப்புச் சொல்கிறவனுக்குக் கூலி.
கொடுத்த மறுநாள்
ஓடைக்கரையில் மாடு தானே மேய்ந்துகொண்டு நிற்கும்.
அவிழ்த்தது யார், கட்டியது யார் என்று
கேட்கிற வழக்கமில்லை.
மஞ்சளாகத் துடித்தது பொத்தான்:
இப்போதே வாங்குங்கள்,
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது மட்டும்.
நான் அந்த மாட்டை நினைத்துக்கொண்டேன்.

பணம் போனது வேறு வழியில்.
மார்கழியில் ஒரு சாயங்காலம் போனில் செய்தி:
இரவு ஒன்பதரைக்கு
உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்.
அந்த எண்ணைக் கூப்பிட்டது நான்தான்.
மேடம் மேடம் என்று என்ன மரியாதை.
வந்த ஆறு இலக்கத்தை ஒருமுறை வேகமாகவும்
அவன் கேட்டபிறகு நிதானமாகவும்
வாசித்துச் சொன்னதும் நான்தான்.
ஏழாயிரத்து நானூறு.
மாடியில் அந்நேரம்
மூன்று கேடயமும் கண் மூடாமல் விழித்திருந்தன.
மாசானத்திடம் சொல்லவில்லை.
வீட்டுக்காரரிடம் பாதித் தொகைதான் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து
ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினேன்.
நிச்சயமாகவா என்றது. ஆமாம்.
ஆபத்து என்றது. தெரியும்.
போகச் சொல்லும் காரணத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று
ஒரு பட்டியலை நீட்டியது.
'மற்றவை' என்பதைத் தொட்டேன்.
கடைசிக் கேடயமும் போனபின்
வெள்ளையாக இன்னொன்று எழுந்து வந்தது.
கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்ததாம்.
இத்தனை பேர் இருக்கிறார்களே என்று
இவ்வளவு நாளும் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது.
சரி, நீ இரு என்றேன்.

இப்போது அப்டேட் கேட்டால் தள்ளிப்போடுவதில்லை.
வெள்ளி இரவு
கணக்கைப் பென்டிரைவில் எடுத்து
ரேஷன் கார்டு கிடக்கிற தகரப் பெட்டியில் போடுகிறேன்.
இதற்கு மேல் வேண்டுமா, தெரியவில்லை.
இதில் ஒன்று குறைந்தாலும் தூக்கம் வராது.

இன்று உலை கொதிக்குமுன்பே
திரை வந்துவிட்டது.
சிதம்பராபுரம் தோட்டம், ரசகதலி, பதினெட்டுத் தார்.
போன் அடிக்கிறது. தெரியாத எண்.
ஏத்தன், நாற்பத்திரண்டு.
அடிக்கட்டும்.