ஏப்ரல் மாதத்துப் படம்

மேலேயிருந்து எடுத்த படத்தில்
அந்த ஊருக்கு மூன்று புள்ளிதான்.
நாகிசெட்டி கொட்டாய் என்று
நான்தான் கையால் எழுதிச் சேர்த்தேன்.
கெலமங்கலத்திலிருந்து போனால்
தார் முடிந்த பிறகும் நாலு கிலோமீட்டர்.

கல்குவாரி வரப்போகிற இடத்தில்
ஒரு ஊசி குத்தி
பத்து கிலோமீட்டருக்கு வட்டம் போட்டார்கள்.
வட்டத்துக்குள் கிடக்கிற எல்லாவற்றுக்கும்
நிறம் கொடுப்பது என் வேலை.
காட்டுக்குப் பச்சை, பயிருக்கு மஞ்சள்,
வீட்டுக்குச் சிவப்பு, ஏரிக்கு நீலம்,
ஒன்றும் இல்லாததற்குச் சாம்பல்.

படம் ஏப்ரலில் எடுத்தது.
மேகம் இருக்காது, விலையும் குறைவு
என்றார்கள் அலுவலகத்தில்.
ஏப்ரலில் அங்கே என்ன இருக்கும்?
ராகித் தாள் போராக ஏறிவிட்டது
கொள்ளு பிடுங்கி மாதக்கணக்காகிவிட்டது
செம்மண் சும்மா படுத்துக் கிடக்கிறது.
முப்பத்தெட்டு ஏக்கர், சாம்பல்.
வகை: தரிசு.

பக்கத்துக் கட்டத்தில் கேள்வி:
உத்தேசத் திட்டம்
சுற்றியுள்ள நிலப்பயன்பாட்டோடு பொருந்துகிறதா?
சாம்பலோடு எதுதான் பொருந்தாது.

கார்த்திகையில் தூசி அளக்கப் போனேன்.
அந்தச் சாம்பல் என் இடுப்புவரை வளர்ந்து
கதிரை மடக்கிக்கொண்டு நின்றது.
வரப்பிலிருந்து திம்மக்கா கேட்டாள்,
"யாருங்க, கணக்கெடுக்கறவங்களா?"
"காத்தைக் கணக்கெடுக்கறேன்."
"காத்துக்கும் பட்டா குடுக்கறாங்களா?"
தமிழில் என்னைக் கேட்டவள்
தெலுங்கில் ஆட்டை அதட்டி
கன்னடத்தில் போனில் யாரையோ திட்டினாள்.
மூன்றும் அவள் வாய்க்குப் பொருந்தியது.
இயந்திரத்துக்குக் கரண்ட் அவள் வீட்டிலிருந்துதான்,
வாசல் விளக்குப் பக்கத்தில் பிளக்,
அங்கிருந்து வயல் ஓரம்வரை ஒயர்.

மாசியில் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்பு.
முதல் ஆளாக மைக்கைப் பிடித்தவர் முரளிதர ரெட்டி,
பாலித்தீன் கூடாரத்தில் ரோஜா போடுகிறவர்.
தூசி விழுந்தால் இதழ் கறுக்கும்
பெங்களூரில் ஒருத்தன் வாங்க மாட்டான் என்றார்.
நியாயம்தான்.
"உன் கரண்டு வேலியாலதான்
ஆனை இந்தப் பக்கம் திரும்புச்சு"
என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.
மைக் இல்லாததால் பதிவாகவில்லை.

திம்மக்கா எழுந்தாள்.
குவாரி வந்தால் மகனுக்கு
லாரி ஓட்டுகிற வேலை கிடைக்குமா என்று கேட்டாள்.
நான் வேறு எதையோ எதிர்பார்த்திருந்தேன்.
ஆதரவு என்று குறித்துக்கொண்டார்கள்.
உட்காரப் போனவள் திரும்பி,
"வெடி வெக்கறதுன்னா ராகி அறுத்தப்பறம் வைங்க,
சினை மாடு இருக்குது" என்றாள்.
அதற்கு எந்தக் கட்டமும் இல்லை.
குறித்துக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.
சாம்பார் சாதம் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

கார்த்திகையில் மூன்றாம் நாள் இரவு
இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு
இயந்திரம் நின்றது.
காலையில் போய்ப் பார்த்தால்
குப்புற விழுந்து கிடக்கிறது,
காற்றுக் குழாய் நிறையச் சேறு,
தூசி படிய வைத்த வெள்ளைத் தாளில்
ஈரமாக நாலு ராகி மணி.
பக்கத்தில் என் சோற்றுத்தட்டை விட
அகலமான ஒரு தடம்.
வடக்கிலிருந்து தெற்கே
கதிர்கள் ஒரே வாக்கில் சாய்ந்திருந்தன.
நான் ஸ்கேல் வைத்துப் போட்டாலும்
இவ்வளவு நேராக வந்திருக்காது.
திம்மக்கா சாய்ந்ததை
அடி போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
என்னை எதுவும் கேட்கவில்லை.

யானை என்று எழுதினால்
வனவிலங்குக்குத் தனி அத்தியாயம்,
இன்னொரு பருவம் காத்திருக்க வேண்டும்,
இன்னொரு படம் வாங்க வேண்டும்,
கார்த்திகை மாதத்துப் படம்.

அறிக்கையின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
மூன்றாம் இரவு, 2.10 முதல் 6.00 வரை:
தரவு இல்லை.
காரணம்: மின்தடை.
என் கையெழுத்துதான்.

அன்றைக்குக் கொட்டாயில்
கரண்ட் போகவே இல்லை.
திம்மக்கா வீட்டு வாசல் விளக்கு
நான் போய்ச் சேர்ந்தபோதும்
எரிந்துகொண்டிருந்தது.