மூன்றாம் நிலை

இன்று பனிச்சரிவு எச்சரிக்கை மூன்று
என்று எழுதியிருக்கிறான் குகநேசன்,
சுவிசிலிருந்து, அங்கே விடிய முன்.
படமும் வந்திருக்கிறது:
மலைச்சரிவில் ஆளுயரக் குழி,
வெட்டிய சுவரில் கோடு கோடாய் அடுக்கு,
பக்கத்தில் சாத்திய அளவுகோல்.

இங்கே நிலாவெளியில் வாடை.
இரண்டு நாளாய் மழை விடவில்லை.
உப்பளக் கந்தோரில் நான்
கிடுகு வாங்கிய பற்றுச்சீட்டுகளை
மேசைவிளக்கின் கீழ் காயவைக்கிறேன்.

மேலே இருப்பது நேற்றைய பனி, பஞ்சு, என்கிறான்.
அதற்குக் கீழே காற்று அள்ளிவந்து
அடித்து இறுக்கிய பலகை.
பயம் அதற்கும் கீழே.
கார்த்திகையில் ஒரு கிழமை வானம் வெளித்துக் கிடந்ததாம்.
அந்தக் குளிரில் முதற்பனி சீனிமணியாய் மாறிப்போனது.
ஒன்றையொன்று பிடிக்காது. அள்ளினால் விரலிடுக்கில் ஓடும்.
மாசியிலும் அது அங்கேதான் கிடக்கும்,
தன்மேல் எவ்வளவு வெள்ளை விழுந்தாலும்.

எனக்கு விளங்கியது.
ஆவணியில் குவித்த உப்பில்
புரட்டாதியின் அவசர மழை ஓடு கட்டிவிட்டுப் போக
அதன்மேலேயே திரும்பக் கொட்டினோம்.
நாலாம் குவியலின் அடியை மாஜிதா கொத்தியபோது
'ம்ப்' என்றொரு சத்தம்,
பெரிய மாடொன்று உள்ளே படுத்ததுபோல.
அவள் ஓடவில்லை. நின்று காதுகொடுத்தாள்.
பிறகுதான் சரிந்தது.
நெஞ்சுவரை வெள்ளை. ஆறு பேர் கையால் தோண்டினோம்.
வலதுகால் செருப்பு கிடைக்கவேயில்லை,
எந்த மூட்டையில் எந்த ஊருக்குப் போனதோ.

அங்கேயும் அந்தச் சத்தம் கேட்குமாம், காலுக்கடியில்.

ஐந்தில் சாவு குறைவு, எழுதுகிறான்.
ஐந்தில் ஒருவரும் வெளிக்கிடமாட்டார்கள்.
மூன்றில்தான் போவார்கள்.
வெயில் எறிக்கும். சரிவு வடிவாயிருக்கும்.
முன்னால் போனவனின் தடமும் தெரியும்.

மூன்றை எனக்குத் தெரியும்.
ஊரடங்கு எடுத்த காலை,
பத்து மணிவரை சந்தை திறந்திருக்கும் என்றார்கள்.
இவனுடைய அண்ணன் மண்ணெண்ணெய்க் கலனைக் கட்டிக்கொண்டு
சைக்கிளில் வெளிக்கிட்டான்.
வீதியில் வேறு சைக்கிள்களும் போய்க்கொண்டிருந்தன.
வானம் வெளித்துக் கிடந்தது.

அதை நான் எழுதவில்லை.
அந்தச் சீனி எவ்வளவு ஆழத்தில், என்று மட்டும் கேட்டேன்.

தொண்ணூறு, என்று வந்தது.

தகரத்தில் மழை.
ஒரு பற்றுச்சீட்டைத் திருப்பிப் போட்டேன்.

சென்ரிமீற்றர், என்று பிறகு வந்தது.