பாதை வளையும் இடம்

நாலு வருடம்
கருங்கல் பாலையில் பிக்கப் ஓட்டினேன்.
மணல் தொடங்குமிடத்தில் இறங்கி
டயர்க் காற்றைப் பாதியாய் இறக்குவேன்.
அந்தச் சீற்றம் முடிந்தால்
நாள் முழுக்க வேறு சத்தமில்லை.

பின்சீற்றில் கலாநிதி முனீரா,
மடியில் வரைபடம், பல்லில் பென்சில்.
சுபஹுக்குப் பின் முதல் அரைமணி நேரம்,
அவ்வளவுதான் நமக்கு என்பாள்.
சூரியன் ஏறிவிட்டால் எல்லாம் வெறும் கல்.
சாய்ந்த வெளிச்சத்தில்தான்
நிழல் ஒரு வட்டம் கீறும்,
வட்டத்துக்கு ஒரு வாலும்.

ஐயாயிரம் வருடத்துக் கபுறுகள்.
ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணறு வரை
பாதையின் இரண்டு ஓரமும்
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி.
ஆடு சாய்த்து வந்தவன்
இவர்களைப் பார்த்துத்தான் வழி பிடித்திருப்பான்:
மவுத்தானவர்கள் இன்னும் தெரிகிறார்கள்,
அப்படியென்றால் தண்ணீர் இருக்கிறது.

பாதை முந்தியா, கபுறு முந்தியா
என்று ஒருநாள் கேட்டேன்.
நோட்டில் என்னவோ எழுதினாள்.
பிறகு, வண்டியை எடு என்றாள்.

*

நிந்தவூர். வந்து ஒன்பது நாள்.
கடற்கரை மையவாடியின்
மதில் விழுந்த இடத்தால்
கடல் உள்ளே வந்திருக்கிறது.

நஸ்லியா இங்கேதான் எங்கோ.
சுனாமிக்கு மறுநாள்
இன்னும் பதினொரு பேரோடு அடக்கியது.
அன்று நான் அம்பாறை ஆஸ்பத்திரியில்,
தொடை வரை பிளாஸ்டர்.
மீசான் கட்டைக்குப் பதிலாக
உடைந்த துடுப்பொன்றை நட்டதாக
அகமதுலெவ்வை சொன்னார்.
எந்தப் பக்கம் என்றதற்கு
கையை அகல விரித்தார்.
அந்தக் கைக்குள் முந்நூறு தென்னை நிற்கும்.

உம்மா மவுத்தாகும் வரை
மதிலுக்கு வெளியே நின்று
மொத்த மணலுக்கும் ஓதினா.

பத்தாம் நாள் விடிய
மோட்டார் சைக்கிளைச் சவுக்கடியில் விட்டுவிட்டுக்
கரையில் குந்தினேன்.
இங்கே வெளிச்சம் கடலிலிருந்து வருகிறது,
இன்னும் தாழ்வாக, நனைந்தபடி.
நண்டு வளைக்கு நிழல் விழுந்தது.
அடம்பன் இலைக்கு, சோடாப் போத்தல் மூடிக்கு,
என் செருப்புக்கு.
கபுறுக்கு மட்டும் இல்லை.
கல் ஐயாயிரம் வருடம் சுமந்ததை
மணல் இருபது மாரியில் கைவிட்டிருந்தது.

அப்போது கரைவலைக்காரர் வந்தார்கள்,
ஏழு பேர், ஒருவர் பின்னால் ஒருவர்,
தோளில் கயிற்றுச் சுருள்.
நேரே வந்த ஒற்றையடிப் பாதை
வெறும் மணலில், ஒன்றுமில்லாத இடத்தில்
இடப்பக்கமாய் வளைந்து
பத்தடி போய்
திரும்பவும் நேரானது.
ஏழு பேரும் வளைந்தார்கள்.
கடைசியாய் வந்த பொடியனும்.
அவன் சுனாமிக்குப் பிறகு பிறந்தவன்.

ஏன் தம்பி சுத்திப் போறாய்?

தன் காலைக் குனிந்து பார்த்தான்,
அதைக் கேட்டுச் சொல்வது மாதிரி.
"எல்லாரும் இப்பிடித்தானே போற."

பன்னிரண்டு பேருக்கு எத்தனை அடி வேண்டும்?
ஓரத்தால் அளந்தேன், உள்ளே மிதிக்காமல்.

இது நஸ்லியாதானா, தெரியாது.
விழுந்த தென்னையாகவும் இருக்கலாம்,
எப்போதோ கவிழ்த்துப் போட்ட தோணியாகவும்.
முனீரா என்றால் கேள்விக்குறி போடுவாள்.
பெரிதாய், நிதானமாய்,
வெட்கமே இல்லாமல் போடுவாள்.

போனில் அவளுடைய அட்டவணை இன்னும் கிடந்தது.
இலக்கம்: ஒன்று.
வடிவம்: பாதையைக் கேட்கவும்.
கல்: இல்லை.
நிலை: கடலிலிருந்து இருபத்தாறு அடி.
குறிப்பு என்ற கட்டத்தில்
விரல் கொஞ்ச நேரம் நின்றது. விட்டுவிட்டேன்.

அஸ்ஸலாமு அலைக்கும் என்றேன்.
நல்லவேளை,
அந்தச் சொல் பன்மையில் இருக்கிறது.

திரும்பும்போது நானும் வளைந்து வந்தேன்.
சவுக்கடியில் மோட்டார் சைக்கிள்
பின்சில்லுப் புதைந்து நின்றது.
குந்தியிருந்து
காற்றைப் பாதியாய் இறக்கினேன்.