பதினான்கு நாள் ஓர்மை

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியின் பழைய ஸ்டோர் ரூம்.
மேசைக்கு மூன்று கால்,
நான்காவதற்குக் காலாவதியான இருமல் மருந்துப் பெட்டி.
ஒரு போன். ஒரு சார்ட். ஒரு பென்சில்.
அம்பு போடுவது என் வேலை.

பதினாலு நாளில் எங்கெல்லாம் போனீர்கள்,
யாருடன் இருந்தீர்கள்?
"ஓர்மை இல்ல சாரே."
நான் சார் இல்லை, ஷெர்லின்.
மூன்றாம் நாளோடு திருத்துவதை விட்டேன்.

முதல் வட்டம் குளச்சல் மரியஜான்.
மஸ்கட்டில் ஒரு கட்டிலுக்கு மூன்று ஷிஃப்ட்:
ஒருவன் எழுந்த சூட்டில் அடுத்தவன் படுப்பான்.
அறையில் பதினொரு பேர்.
ஒரே வாரத்தில் ஊருக்குக் கிளம்பினார்கள்,
சிட்டகாங், பெஷாவர், செபு, கொழும்பு.
தாள் தீர்ந்துவிட்டது.
செபுவை மேசை மரத்தில் எழுதினேன்.
அங்கேயும் ஒருத்தி இருப்பாள், கையில் பென்சிலோடு.
அவளுக்குத் தாள் தீரும் இடம்
குளச்சலாக இருக்கும்.

களியக்காவிளையில் காய்ச்சல் பார்க்க
நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல் நீட்டினார்கள்.
மரியஜானின் நெற்றி அன்று குளிர்ந்திருந்தது.
ரேஷன் அரிசி கடத்துகிறவனுக்குத்தான் ஊடுவழி வேண்டும்.
இது நேர்ரோட்டில் வந்தது,
டாக்ஸியின் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு,
டிரைவர் பிஜுவிடம் வீட்டுக்கதை பேசிக்கொண்டு.

பிஜுவின் மச்சான் தோவாளையில் பூ ஏலம் விடுகிறவர்.
"பிச்சி நானூறு, நானூத்தம்பது, நானூத்தம்பதூ..."
கத்துகிற வாய்தான் அதிகம் எறியும் என்றார் டாக்டர்.
நாற்பது பேர் முகத்தை நீட்டிக் கேட்டிருக்கிறார்கள்.
அதில் ஒருவர் மார்த்தாண்டத்துப் பாட்டுக்குழுவில் பாஸ்.
ஞாயிறு கழிந்து வெள்ளிக்குள்
சோப்ரானோ ஏழு பேர், ஆர்கன் வாசித்த பையன்,
பாட்டே வராமல் சும்மா வாயசைத்த கணக்கர்.

ஆனால் ஏலக்காரரின் மனைவி
அதே பாயில் பதினோரு நாள் படுத்தும்
ஒன்றுமில்லை.
இதை எப்படி வரைய?
பத்து வட்டத்தில் ஏழு
யாரையும் தொடாமல் முடிந்துபோயின.
ஒன்று மட்டும் முள்ளம்பன்றி.

முப்பத்தொன்று: கருங்கல் ஞானசிகாமணி,
ரப்பர் ஷீட் வியாபாரம், மனைவி போய் ஆறு வருடம்.
"லோடு ஏத்தினதுக்கு மேல எங்கயும் போவல்ல.
ஆரையும் பாக்கல்ல."
நாற்பது: வெள்ளிச்சந்தை தங்கலெட்சுமி, தையல்.
"நான் உண்டு, மெஷின் உண்டு."
இருவருக்கும் ஒரே செவ்வாயில் காய்ச்சல்.
அம்பு வராத இரண்டு வட்டங்கள்.

ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது.
கிருமி தன்னைப் பார்த்துத் தானே எழுதுமாம்,
எழுதும்போது பிழை விடுமாம்.
முப்பத்தொன்றிலும் நாற்பதிலும்
அதே இடத்தில் அதே பிழை,
பரீட்சையில் பார்த்தெழுதிய இரண்டு பிள்ளைகள் போல.
அனுப்பிய மாதிரிகளில் வேறு எதிலும் அது இல்லை.

பென்சில் நடுவழியில் நின்றது.
ரவிக்கை தைக்கக் கொடுத்த பதினேழு பேரை
அவளிடம் கேட்டு வாங்கினேன்.
ஷீட் ஏற்ற வந்த லாரிக்காரர்களை அவரிடம்.
அதற்குமேல் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.

இரவு வார்டிலிருந்து அவரே கூப்பிட்டார்.
பின்னால் ஆக்சிஜன் குமிழிடும் சத்தம்.
ஒரு சொல், ஒரு மூச்சு.
"சாரே... அந்த வெள்ளிச்சந்தைக்காரிக்கு...
இப்ப எப்பிடி இருக்கு?"

அவரிடம் நான்
அந்த ஊர்ப்பெயரையே சொன்னதில்லை.

"காய்ச்சல் விட்டுட்டு. கஞ்சி குடிச்சாவ."

போனை அவர் வைக்கவில்லை. நானும்.
குமிழிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
சார்ட்டில் முப்பத்தொன்றுக்கும் நாற்பதுக்கும் நடுவே
ரப்பரால் அழித்த இடம்
கொஞ்சம் அழுக்காக.